இரவல் உயிர்

மார்ச் 4

என் அகராதிக்கு,

படக்கதையின் ஐந்தாம் பாகத்துக்கு நீ எழுதிய தமிழ் வந்து சேர்ந்தது. உன் அக்கா வீட்டில் எழுத இடம் வசதியா? கோபித்துக்கொண்டு போய் மூன்று மாதமாகிறது. குளிர்ச்சட்டை இங்கேயே கிடக்கிறது. அனுப்பட்டுமா?

ஒரு சந்தேகம். செத்தபிறகு மிருகத்திடம் உயிரை வாங்கி நடமாடுகிறவர்களை ஜப்பானியத்தில் 'கரிமோனோ' என்கிறார்கள். ஜப்பானிய லிபியில் அது இரண்டே எழுத்து. மேலிருந்து கீழாக எழுதுவதால் பேச்சுக்குமிழியையும் ஒல்லியாக வரைந்துவிட்டார்கள். நீ 'இரவல் உயிர்' என்று போட்டு என் உயிரை வாங்குகிறாய். குமிழிக்குள் எழுத்து வைக்கிற நான் அதை எப்படி உள்ளே நுழைப்பது?

உன்
கத்தரி

மார்ச் 9

அன்புள்ள கத்தரிக்கு,

சட்டை இருக்கட்டும். முதல் பாகத்திலிருந்து அதே சொல்லைத்தானே எழுதுகிறேன், இப்போதென்ன புதுச் சந்தேகம்? அச்சானதைப் படித்தால் பிழைதான் கண்ணில் படும் என்று நான் தொடுவதே இல்லை. இன்று புரட்டினேன். நான்கு பாகத்திலும் அதற்குப் பதில் 'பிணம்' என்று இருக்கிறது. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

ஐந்தாம் பாகத்தில் மிருகம், இரவல் உயிரோடு நடமாடும் அந்தச் சிறுமியின் வாசலுக்கு வந்து, கொடுத்த உயிரைத் திருப்பிக் கேட்கிறது. இரவல் என்ற பேச்சே இல்லாமல் வாசகருக்கு என்ன விளங்கும்? பதிப்பகத்தில் என்னைத்தான் கேட்பார்கள். மீதிப் பாகங்களை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள்.

கேட்டிருந்தால் நானே சுருக்கித் தந்திருப்பேன். என் எழுதுமேசையை நண்பருக்குத் தூக்கிக் கொடுத்தபோதும் நீங்கள் கேட்கவில்லை. அதனால்தானே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

இருமல் எப்படி இருக்கிறது?

அகராதி

மார்ச் 14

என் அகராதிக்கு,

தப்பு என்னுடையதுதான். அன்றைக்கே அச்சுக்குப் போகவேண்டும் என்று அவசரம். நீ அடுத்த அறையில்தான் இருந்தாய், எழுந்து வந்தால் நாலு அடி. கேட்டால் மறுப்பாய் என்று பயந்தேன். மேசை விஷயமும் அப்படித்தான்.

பதிப்பாசிரியருக்கு எழுதிவிட்டேன். சொல்லை மாற்றியது நான், அவளுக்குத் தெரியாது, என்னை நிறுத்திவிடுங்கள் என்று. மறுபதிப்புக்காக நான்கு பாகத்தையும் திருத்தினேன். எழுத்தைப் பொடியாக்கி இரண்டு வரியாக உடைத்தால் உன் சொல் அழகாக உட்காருகிறது. இனி உன் வேலைக்கு ஆபத்தில்லை.

இருமல் தேவலை. வீடுதான் வெறிச்சென்று இருக்கிறது.

கத்தரி

மார்ச் 19

அன்புள்ள கத்தரிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே பதிப்பாசிரியரும் கூப்பிட்டார். வேலையை விடுவதைக்கூட என்னைக் கேட்காமலா முடிவு செய்வீர்கள்? உங்களைத் திருத்த அந்த மிருகமே வந்தாலும் ஆகாது. படித்துவிட்டு அழுதேன். வெங்காயமா என்று அக்கா கேட்டாள், ஆமாம் என்றேன்.

பதிப்பாசிரியரிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: "அவர் எழுத்து வைக்கலைன்னா நானும் எழுதலைங்க." முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். ஆனால் இனி ஒவ்வொரு பக்கத்திலும் என் கையெழுத்து இருந்தால்தான் அச்சுக்குப் போகுமாம். பக்கத்துக்குப் பக்கம் தபாலில் அனுப்பிக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

ஞாயிறு காலை ரயிலில் வருகிறேன். உங்களைக் கேட்கவில்லை.

அகராதி