அதிகாரி கேட்ட கேள்வி

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ அனுப்பிய பழைய திரைச்சீலையில் பாப்பாவுக்கு ஒரு கவுன் தைத்துவிட்டேன். மீதித் துணி தலையணை உறையாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். பாப்பாவைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்திருக்கிறேன் என்று யாரோ புகார் எழுதியிருக்கிறார்களாம். நான் வீட்டில் சொல்லிக்கொடுத்தபடி துணியை மடித்து வெட்டி பாப்பா பின்னக் கணக்குப் போட்டுக் காட்டியபோது அந்த அம்மாளே சிரித்துவிட்டார். குறையொன்றும் சொல்லவில்லை. கிளம்பும்போதுதான் மெதுவாகக் கேட்டார்.

"சாயங்காலம் ஸ்கூல் விடுற நேரத்துல உங்க பொண்ணு ஜன்னல்கிட்ட நின்னு அழுவாளாமே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த நேரத்தில் நான் உள்ளறையில் தையல் மெஷினில் இருப்பேன்.

அவர் போனதும் பாப்பாவைக் கேட்டேன். "பெரியம்மாகிட்ட மட்டும்தாம்மா போன்ல சொன்னேன்," என்றாள்.

புகார் எழுதியது யார் என்று உன்னைக் கேட்கப் போவதில்லை. நீயும் சொல்ல வேண்டாம்.

மூன்று நாளாக அந்த நேரத்தில் மெஷினை நிறுத்திவிட்டு அவளோடு ஜன்னலில் நிற்கிறேன். எனக்காகச் சிரித்துக்கொண்டே நிற்கிறாள். உன்னிடம் சொன்னதை என்னிடம் ஏன் சொல்லவில்லை, அக்கா? அதை மட்டும் எழுது.

உன் தங்கை