எங்க ஊட்டுப் பக்கம் ஒரு புள்ளிக்கோடு

ஜனவரி 19, 2025, ஞாயிறு

பொங்கல் முடிந்துவிட்டது, பொங்கலுக்குத் தைக்கக் கொடுத்த பிளவுஸ்கள் முடியவில்லை. காலையிலிருந்து ஆளாளுக்கு வந்து வசவு. நானும் விடவில்லை. "கழுத்து இறக்கத்தைத் தடவைக்குத் தடவை மாத்தினது யாருங்க?" என்று திருப்பிக் கேட்டேன்.

மதியம் தெய்வம்மா அக்கா வந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க. மேலே எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து எங்கள் வீட்டுக்கும் பாலத்துப் பஸ் ஸ்டாப்புக்கும் முன்பெல்லாம் ஒரே இறக்கம்தான், வெற்றிலை மென்று முடிப்பதற்குள் வந்துவிடலாம். இரண்டு வருடம் முன்னால் எங்கள் பக்கத்து இடத்தை வாங்கி காட்டேஜ் கட்டியவர்கள் கம்பி வேலி போட்டார்கள். அன்றிலிருந்து லைன் ஜனம் முழுக்க ஜீப் ரோட்டைச் சுற்றித்தான் வருகிறது. போன வாரம் அங்கே வளைவில் காட்டெருமை துரத்தி, அக்கா வாய்க்காலில் விழுந்திருக்கிறார்.

"சித்திரை வரைக்கும் பாப்பேன் தங்கச்சி. வழி தொறக்கலேன்னா மக கூட திருப்பூருக்குப் போயிருவேன். இந்தக் காலை வச்சிக்கிட்டு இனி ஏலாது" என்றார். சின்னப் பிள்ளையாகக் கண்டித் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். இன்னும் அந்த ஊர்ப் பேச்சுதான்.

போவாராமா. போனா எனக்கு இந்த மேட்டுல பேச யாரு இருக்கா? வீட்டுக்காரர் வாயைத் திறந்தா கிரிக்கெட். அம்மா வாயைத் திறந்தா என் குறை. நான் தையல் மிஷின்கிட்ட பேசணுமா?

ஜனவரி 26

கோயமுத்தூரில் படிக்கும் மகள் கனிஷ்காவிடம் போனில் புலம்பினேன். "அம்மா, வெள்ளைக்காரன் காலத்து சர்வே மேப் நெட்ல கிடைக்கும். அந்த வழி அதுல இருந்தா அவங்க ஒண்ணும் பேச முடியாது" என்றாள். மேப்பும் அனுப்பினாள், அதை விரிக்க ஒரு ஆப்பும் அனுப்பினாள்.

பழைய மேப்பை இன்றைய சேட்டிலைட் படத்தின் மேல் போட வேண்டும். இரண்டிலும் இருக்கிற ஏதாவது இரண்டு இடத்தில் குண்டூசி குத்தினால் மற்றதெல்லாம் தானாகப் பொருந்திக்கொள்ளும். லைனிங் துணியை மேல்துணியோடு சேர்த்துக் குத்துவது போல. இதை எனக்கு அரை மணி நேரம் விளக்குகிறாள். டீ ஃபாக்டரியில் ஒன்று குத்தினேன், பாலத்தில் ஒன்று குத்தினேன். உட்கார்ந்துவிட்டது.

மேலே வரிசையாகக் குட்டிக் குட்டிக் கறுப்புக் கட்டம், அதுதான் லைன். அங்கிருந்து ஒரு புள்ளிக்கோடு புறப்பட்டு, காட்டேஜ்காரனின் ஹனிமூன் குடிசை நடுவே புகுந்து, பாலத்தில் இறங்குகிறது. நடைபாதை. தொண்ணூறு வருடத்துக்கு முந்தின நடைபாதை. நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

எங்கள் வீடு இருக்கும் இடம் மேப்பில் வெறும் காடு. அது சரிதான். அம்மாவின் அப்பா, மாரிச்சாமி அப்பிச்சி, சத்தியமங்கலத்திலிருந்து மலையேறி வந்து, மனுஷக் கால் படாத காட்டைத் திருத்திக் கட்டின வீடு இது. இந்தக் கதையைச் சொல்லாமல் எங்கள் குடும்பத்தில் ஒரு கல்யாணமும் நடந்ததில்லை.

ஜனவரி 27

வழி கிடைத்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். "அப்படியா கண்ணு" என்று முறுக்கைக் கடித்தார். பெத்த பிள்ளை ஒன்றைச் சாதித்தால் கொஞ்சமாவது பூரிக்க வேண்டாமா?

பிப்ரவரி 2, ஞாயிறு

குன்னூர் போய் மேப்பைக் கல்யாண பேனர் அளவுக்கு ஃபிளெக்ஸ் அடித்து வந்தேன். கடைப் பையன் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுல போட்டோ எங்க வைக்கிறது? பிறந்தநாள் யாருக்கு?" என்றான். புள்ளிக்கோட்டை மட்டும் சிவப்பாக்கச் சொன்னேன். பஸ்ஸில் அதற்கும் ஒரு சீட்டு பிடித்துக்கொண்டேன்.

நேரே காட்டேஜ் மேனேஜர் ஜெஃப்ரியிடம் போய் விரித்துக் காட்டினேன். சண்டைக்குத் தயாராகப் போனவளுக்கு அவன் நாற்காலி போட்டான். "மேடம், மேப்பில இருந்தா எடுத்துடறதுதான் முறை. மார்ச் ரெண்டாம் தேதி எல்லாரையும் வரச் சொல்லுங்க, வேலிக்கிட்டயே வச்சுப் பேசிடலாம். அன்னைக்கே கம்பியை வெட்டிடறோம்" என்றான். மரியாதையாகப் பேசுகிறான். அதுதான் எரிச்சல்.

வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர் வசந்த்குமார் புது பாத்ரூமுக்குக் கடைசி டைல்ஸை ஒட்டிக்கொண்டிருக்கிறார். ரோஸ் கலர். அவரே தேர்ந்தெடுத்தது. ஊர் வழிக்காக ஒருத்தி அலைகிறாளே என்று ஒரு காபி உண்டா?

பிப்ரவரி 16

இன்று மேப்பும் கையுமாக ஊர் சுற்றினேன். மேப்பில் கிணறு போட்டிருக்கும் இடத்தில் இப்போது ரேஷன் கடை. சுடுகாடு போட்டிருக்கும் இடத்தில் வாலிபால் கிரவுண்டு. அங்கே ஆடிக்கொண்டிருந்தவர்களிடம் சொன்னேன், பந்தை எடுத்துக்கொண்டு பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். சொல்லியிருக்க வேண்டாமோ.

அக்காவிடம் லைன் கட்டங்களைக் காட்டினேன். ஓரத்துக் கட்டத்தைத் தொட்டு, "நாங்க வர்றதுக்கு முன்னயே எங்க லயம் இதுல இருக்குது பாரு" என்றார். லைனுக்கு அவர் பேச்சில் லயம். அப்புறம் ஃபிளெக்ஸை மடித்து என் கையில் கொடுத்து, "நீ வாங்கிக் குடுத்திருவ தங்கச்சி, எனக்குத் தெரியும்" என்றார். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. ஏறட்டுமே.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஐயோ.

கூட்டத்தில் காட்டப் பாலத்தை ஒரு போட்டோ எடுக்கலாம் என்று ஓடையில் இறங்கினேன். பாலத்தடியில் ஒரு கல். அதில் 1979 என்று செதுக்கியிருக்கிறது. என் மேப் தொண்ணூறு வருடத்தது. அப்படியானால் மேப்பில் இருக்கும் பாலம் எது? கல் கல்லாகத் தாவிக் கீழே போனேன். பெரணிச் செடிக்குள், ஓடையின் இரண்டு கரையிலும், கருங்கல் தூணின் அடிப்பாகம். வெள்ளத்தில் போன பழைய பாலம்.

நான் குண்டூசியைத் தப்பான பாலத்தில் குத்தியிருக்கிறேன்.

அங்கேயே கல்லில் உட்கார்ந்து, போனில் ஆப்பைத் திறந்து, குண்டூசியைப் பிடுங்கி, சரியான இடத்தில் குத்தினேன். மேப் அப்படியே நகர்ந்தது. புள்ளிக்கோடு ஹனிமூன் குடிசையை விட்டு எழுந்தது. வேலியைத் தாண்டியது. எங்கள் சமையலறைக்குள் வந்து உட்கார்ந்தது. கிரைண்டர் இருக்கும் இடத்துக்கு நேராக.

பிப்ரவரி 24

போனை அணைத்துவிட்டுத் திறந்தும் பார்த்தேன். கிரைண்டர்தான்.

பிப்ரவரி 26

மேப் பொய் சொல்லக் கூடாதா என்ற ஆசையில் அரிவாளோடு பாத்ரூமுக்குப் பின்னால் போனேன். அங்கே கரடும் உண்ணிப் புதரும்தான், யாரும் போவதில்லை. வெட்ட வெட்ட ஒரு படி. அதற்கு மேல் இன்னொரு படி. நடுவில் கால் தேய்ந்து குழிந்த கல் படிகள், நேராக லைனைப் பார்த்து ஏறுகின்றன. கீழ்ப்படி எங்கள் பாத்ரூம் சுவருக்குள் போய்விட்டது. மனுஷக் கால் படாத காடாம்!

அம்மாவிடம் போய் நின்றேன். என்னைப் பெத்த ஆயம்மாள் அவர்கள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

"உங்க அப்பிச்சி காடு திருத்தினாருன்னு யாரு சொன்னா? அவருதான் சொல்லிக்குவாரு. நாலு பேரு போற வழியாப் பாத்து, அது மேலயே டீக்கடையப் போட்டாரு. கடைக்குள்ள பூந்துதான் போகோணும், பூந்தா டீ குடிக்கோணும். பொறவு செவுரு வந்துச்சு, கதவு வந்துச்சு. சனமும் சலிச்சுப் போயி அக்கட்டால காலி எடத்துல நடக்க ஆரம்பிச்சுருச்சு. அந்தக் காலி எடத்தத்தான் இப்ப இவங்க வாங்கிப் போட்டிருக்காங்க."

"ஏம்மா இத்தனை நாளா சொல்லலை?"

"நீ எங்க எங்கிட்ட கேட்ட? மேப்புக்கிட்டத்தான கேட்ட."

மார்ச் 1, சனி

நாளைக்குக் கூட்டம். வேறு வழியில்லாமல் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஏனுங்க, என்ன பண்றது?"

அவர் யோசிக்கவே இல்லை. "எதுக்கு இப்ப வாயத் தொறக்கோணும்? ஜெஃப்ரிக்குப் பழைய பாலமும் தெரியாது, புதுப் பாலமும் தெரியாது. நாளைக்குக் கம்பிய வெட்டறேன்னுட்டான். ஊருக்கு வழி, நமக்கு பாத்ரூம். கம்முனு இரு."

தப்பாகச் சொல்லவில்லை. அதுதானே பயம். பொய்யில் திறந்த வழியா, நிஜத்தில் திறந்த வழியா என்று அக்காவின் முட்டிக்குத் தெரியவா போகிறது? வழி திறந்தால் இருப்பார், இல்லையென்றால் திருப்பூர். நான் சும்மா இருந்தால் போதும். சும்மா இருக்க எனக்கு வருமா, அது வேறு விஷயம். ஆனால் காட்டேஜ் முதலாளி ஒரு வக்கீலைக் கூட்டிவந்து இதே ஆப்பைத் திறந்தால்? வேலி திரும்ப வரும். அக்கா திரும்பக் காட்டெருமை வளைவில் நிற்பார், நான் வாங்கிக் கொடுத்த வழியை நம்பி.

இன்னொன்றும் உண்டு. அந்த ஜெஃப்ரியை ஊர் முன்னால் தலைகுனிய வைக்கலாம் என்று ஒரு மாதமாக ஆசைப்பட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 2, ஞாயிறு

லைன் ஜனம் மொத்தமும் வந்துவிட்டது. அக்கா ஜீப் ரோட்டைச் சுற்றி, இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஜெஃப்ரி எல்லோருக்கும் டீயும் வர்க்கியும் வைத்து, கையில் கம்பி வெட்டும் கத்தரியோடு நிற்கிறான். என் ஃபிளெக்ஸை அவனே வேலியில் கட்டிவிட்டிருக்கிறான், நேராக, சுருக்கமில்லாமல்.

எப்படியோ எழுந்தேன். என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் ஓடும், இன்று பின்னாலிருந்து தள்ள வேண்டியிருந்தது.

"கத்தரியைக் கீழ வைங்க தம்பி. வழி உங்க இடத்துல இல்ல. எங்க சமையலறைல இருக்குது" என்றேன். பாலம், குண்டூசி, படி, டீக்கடை, எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டுக்காரர் ஆகாயத்தைப் பார்த்தார்.

முதலில் சிரித்தது தெய்வம்மா அக்கா. சிரித்துச் சிரித்து நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "அப்ப இத்தன வருசமா எங்க வழியில நின்னுக்கிட்டுத்தான் நீ தோச சுட்டியா?"

அப்புறம் மொத்தக் கூட்டமும் சிரித்தது. சிரிப்பு அடங்கினதும் ஒருத்தி கேட்டாள், "சரி, எப்பத் தொறக்கிறீங்க?" எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். ஜெஃப்ரி கத்தரியைப் பைக்குள் வைத்துக்கொண்டே, "மேப்பில இருந்தா எடுத்துடறதுதானே மேடம் முறை" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

மார்ச் 9

சமையலறையா பாத்ரூமா என்று ஒரு வாரம் பஞ்சாயத்து. சமையலறையைத் தொட்டால் லைன் வீட்டில் போய் ஆக்கிக்கொள்வதாக அம்மா சொல்லிவிட்டார். பாத்ரூமை இடித்தால் சமையலறைச் சுவரை ஒட்டினாற்போல் ஆள் போக இடம் வரும். வீட்டுக்காரர் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். தண்ணீர்ச் சத்தம்கூடக் கேட்கவில்லை. வெளியே வரும்போது முகம் செத்திருந்தது. "இடிச்சுக்க" என்றார். பாவம், எனக்கே கஷ்டமாகிவிட்டது.

இடிக்க ஜெஃப்ரி இரண்டு ஆள் அனுப்பியிருக்கிறான். உதவியாம்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. வழி திறந்தாயிற்று. ரோஸ் டைல்ஸை உடையாமல் பெயர்த்து, வழுக்காமலிருக்கச் சொரசொரப்பான பக்கம் மேலே வருமாறு வீட்டுக்காரரே பதித்தார். யாரையும் தொடவிடவில்லை.

அக்காதான் முதலில் இறங்கினார். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று. "முட்டிக்கு நல்லாத்தான் இருக்குது" என்றார். திருப்பூர் என்ன ஆச்சு என்று கேட்டேன். "பாப்பம்" என்றார். அதென்ன பாப்பம்? பாத்ரூமையே இடிச்சிருக்கேன், பாப்பமாம்.

மே 11

நிம்மதியாக ஒரு குழம்பு வைக்க முடியவில்லை. போகிறவர் வருகிறவர் எல்லாம் ஜன்னலில் எட்டிப் பார்த்து உப்பு புளி சொல்கிறார்கள். காட்டேஜ் ஜீப் ரிப்பேர் என்று ஜெஃப்ரியும் இப்படித்தான் பஸ்ஸுக்குப் போகிறான். "வழி விடுங்க மேடம்" என்று என் வீட்டில் நின்று என்னிடமே சொல்கிறான். விட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

காலையில் அக்காவின் மகள் ரேணுகா திருப்பூரிலிருந்து வந்திருந்தாள். கூட்டிப்போக என்று லைனில் பேச்சு. கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் எங்கள் சுவரோரமாக இறங்கினார்கள். அக்கா தலையில் ஒரு பெரிய பை.

நான் வெளியே போகவில்லை. எதற்குப் போக வேண்டும்? போகிறவர்கள் சொல்லிக்கொண்டு போகட்டும். மிஷினை வேகமாக மிதித்தேன். பஸ் ஹாரன் கேட்டது, இன்னும் வேகமாக மிதித்தேன். அம்மா வந்து தலையைத் தொட்டுவிட்டுப் போனார். அப்போதுதான் அழுகை வந்தது.

நாலு மணிக்கு ஜன்னலில் தெய்வம்மா அக்கா. கையில் ஒன்றுமில்லை.

"என்னா கலை, அடுப்புல என்னமோ தீயுது, நீ பாட்டுக்கு மிதிச்சுக்கிட்டு இருக்க?"

"நீங்க போகலையா?"

"எங்க? புள்ளைய பஸ் ஏத்திவிட்டுட்டு, சந்தையில ஒரு சுத்து சுத்திட்டு வாறேன்."

"அந்தப் பை?"

"அவளுக்குக் கெழங்கு. அவ தூக்க மாட்டா, பவுசு." இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். "இப்பத்தான் வழி வந்திருக்குது, அதுக்குள்ள என்னைய ஊரைவிட்டு வெரட்டுறியா?"

திட்டினேன். சொல்லிட்டுப் போனா வாய் தேஞ்சா போயிரும் என்று ஆரம்பித்து நன்றாகத் திட்டினேன். அவர் கேட்டுக்கொண்டே உள்ளே வந்து கரிந்த சட்டியை இறக்கி வைத்து, தண்ணீர் ஊற்றி, படியேறிப் போனார்.

அப்புறம் பார்த்தால், தைத்த பிளவுஸுக்கு இடது கையை வலதிலும் வலது கையை இடதிலும் வைத்துத் தைத்திருக்கிறேன். நாளைக்குப் பிரித்துத் தைக்க வேண்டும்.