பதினேழாம் நோன்புக் கஞ்சி

ஷஃபான் 29, செவ்வாய்

பனி. விரல் மடங்க மாட்டேங்குது, எழுத்து கோணல். நான்தானே படிக்கப்போறேன். பிறை தெரிஞ்சு பள்ளிவாசல்ல நகரா முரசு அடிச்சாச்சு. நாளைக்கு முதல் நோன்பு.

மண்பானை கழுவிக் கவுத்து வச்சேன். இனிமே வூட்டுக்கு வர்ற அரிசி எல்லாம் அதுக்குள்ளதான். பதினேழாம் நோன்பு அன்னைக்குப் பள்ளிவாசல்ல காய்ச்சற கஞ்சி எங்க வூட்டுக் கஞ்சி. எங்க வூட்டுக்காரர் புளி வியாபாரம் ஓஹோன்னு நடத்தின காலத்துல ஜமாத்துல கேட்டு வாங்கின நாள். பதுரு போர் நடந்த நாள் வேற, ஊரே வந்து வாங்கும். அவுங்க மௌத்தாகி மண்ணுக்குள்ள போன பின்னாடியும் ஒரு வருசம் கூட நான் விட்டதில்லை.

இந்த வருசம் மழை இல்லை, அரிசி இல்லை. ரேஷன்ல போடறது கோழிக்குக் காணாது. மகன் காதர் சைக்கிள்ல துணி கட்டிக்கிட்டுத் தீர்த்தமலை வரைக்கும் போறான், கட்டின மூட்டை கட்டினபடி திரும்புது. இது தெரிஞ்சுக்கிட்டு என் ஓர்ப்படியா, கொழுந்தனார் சம்சாரம், ஜமாத்துக்கு ஆள் விட்டிருக்கா. "மூத்தவர் வூட்ல முடியலைன்னா அந்த நாளை நாங்க எடுத்துக்கறோம்."

அவ பேரை முழுசா எழுத மாட்டேன். ர. போதும். காதர் கலியாணத்துல கத்திரிப்பூ கலர் சேலை கட்டிக்கிட்டுப் பந்தியில நாலு பேர் கேக்கச் சொன்னவ: "பெரிய வூட்டுப் பிரியாணியில கறியைத் தேடக் கண்ணாடி வேணும்." அந்தச் சேலையோட கரை கூட எனக்கு ஞாபகம் இருக்குது.

குடுக்க மாட்டேன்.

பிறை 1, புதன்

கஞ்சிக்கு வேணுங்கிறது: அரிசி ரெண்டு வள்ளம், பாசிப்பருப்பு, கொத்துக்கறி, தேங்கா, இஞ்சி, பூண்டு, வெந்தயம். கறியும் தேங்காயும் எப்படியாவது பாத்துக்கறேன்னான் காதர். அரிசி என் பொறுப்பு.

வூட்டுக்கு:
விடியறதுக்கு முன்னாடி சஹருக்கு – களி, கொள்ளு ரசம்.
நோன்பு திறக்க – பள்ளிவாசல் கஞ்சி. பேத்தி ஜுபைதாவைத் தூக்குவாளியோட அனுப்பணும்.
ராத்திரி – கம்பஞ்சோறு. இல்லைன்னா மரவள்ளிக் கிழங்கு.
எண்ணெய் – ஊத்தக் கூடாது. துணி முடிச்சை நனைச்சுச் சட்டியில தடவறது.
புளி – ரெண்டாந்தரம் கரைச்சது ரசத்துக்கு.
சுரைக்கா தோலு – துவையல்.
முருங்கைக் கீரை – பக்கத்து வூட்டுப் பட்டம்மா மரத்துல நம்ம பக்கம் சாஞ்ச கிளை. நம்ம பக்கம் வந்தது நம்முது.
சக்கரை – பெருநாளைக்கு.
மத்தியானம் – அடுப்பே பத்த வேணாம். எல்லாரும் நோன்பு.

எல்லாரும்னு எழுதிட்டேன். மருமக மைமூன் இருக்கா. மடியில மூணு மாசத்துப் பையன். பால் குடுக்கிறவ நோன்பை விட்டுட்டு அப்புறமா வச்சுக்கலாம். அவ ஒருத்திக்குத் தனியா ஆக்கணும். விறகு. அரிசி.

பிறை 2, வியாழன்

மைமூனைக் கேட்டேன். "உனக்குப் பகல்ல என்னா ஆக்கட்டும்?"

கேட்டது நல்ல கேள்வி. கேட்ட குரல் நல்ல குரல் இல்லை. அவ விறகைப் பாத்தா, பானையைப் பாத்தா. "ஒருத்திக்காக எதுக்குங்க மாமி. நானும் வச்சுக்கறேன்."

"அல்லா ஏத்துக்கிட்டு கபூலாக்கட்டும்"னேன். சத்தமா. காதர் காதுல விழற மாதிரி.

உள்ளுக்குள்ள நினைச்சது: ஒரு வேளை மிச்சம்.

இவ அத்தா சீருல பசுமாடு தர்றேன்னு சபையில சொல்லிட்டுக் கன்னுக்குட்டியை ஓட்டிவிட்டவரு. அதுவும் காளைக்கன்னு.

பிறை 5, ஞாயிறு

சந்தை கலையற நேரத்துக்குப் போனேன். அப்பத்தான் சொத்தைக் கத்திரிக்காயைக் கூறு கட்டாம அள்ளிப் போடுவாங்க. மொச்சை மலிவு. அவரைக்கா மலிவு. கேழ்வரகு புதுசு வந்திருக்குது.

பின்னாடியே குரல். ர. தான். கூடை தூக்க ஒரு ஆளு.

"என்னக்கா, நோன்பு வாயோட இந்நேரத்துல?"

"நடந்தா நல்லது."

"கையில என்னா, கத்திரிக்காயா? எங்க வூட்டு ஆட்டுக்கும் கொஞ்சம் வேணும். எந்தக் கடையில?"

"ஆட்டையே வரச்சொல்லு, கடையைக் காட்டறேன்."

கூடைக்காரன் சிரிச்சுட்டான். அவ மூஞ்சி செத்துப்போச்சு. வூடு வர்ற வரைக்கும் கால் வலியே தெரியலை.

பானையில பாதிக்கு மேல ஏறிடுச்சு. கையை விட்டுப் பாத்தேன். குளு குளுன்னு.

பிறை 7, செவ்வாய்

காதர் சஹர்ல, "களி தொண்டையிலயே நிக்குதும்மா, பெருநாளைக்குத்தான் இறங்கும் போல"ன்னான். சிரிச்சோம். மைமூன் சிரிக்கலை. தண்ணி குடிச்சுக்கிட்டே இருந்தா.

சாயங்காலம் ஜுபைதா கஞ்சி வாங்கியாந்தா. சுடுதண்ணி கலந்து உப்புப் போட்டேன், நாலு கிண்ணம் ஆறாச்சு. அதுல ரெண்டு கிண்ணம் நாளைக்கு சஹருக்கு. பொண்ணு கிண்ணத்தைக் குனிஞ்சு பாக்கறா.

"நன்னி, இதுல என் மூஞ்சி தெரியுது."

"அழகா இருக்கா?"

"பசியா இருக்குது."

அதட்டிட்டேன்.

கைப்புள்ளை பகல் பூரா அழுகை. உப்புசம்னு ஓமத்தண்ணி குடுத்தேன். துப்பிட்டான்.

பிறை 9, வியாழன்

புள்ளை இன்னைக்கு அழுகை கம்மி. ஓமத்தண்ணி வேலை செய்யுது.

துணி முடிச்சு எண்ணெய் ஒரு வாரம் வந்திருக்குது. முன்னெல்லாம் ரெண்டு நாள்.

பிறை 10, வெள்ளி

புள்ளை தூங்கறான். நல்லது. வூடு அமைதி. பானை கழுத்து வரைக்கும்.

பிறை 11, சனி

இன்னைக்கு எழுதக் கூடாதுன்னுதான் இருந்தேன்.

காலையில பட்டம்மா அவரைக்கா கொண்டாந்தா. அவ மரத்துக் கீரையை ஒடிச்சது தெரிஞ்சுதான் சண்டைக்கு வர்றான்னு நினைச்சு நான் முன்னாடியே முறைச்சேன். அவ அதைக் கண்டுக்கலை. தூளியில கிடந்தவனைத் தூக்கினா. தூக்கினவ அப்படியே நின்னுட்டா.

"என்னுங்க பாயம்மா, புள்ளை இவ்ளோ லேசா இருக்குது? பஞ்சு மாதிரி."

"தூங்கறான்."

"இது தூக்கமுங்களா?" தொடையைக் கிள்ளினா. கிள்ளின தோலு அப்படியே நின்னுச்சு. அவன் கண்ணைத் திறந்தான், அழலை. வாயைத் திறந்து மூடினான். அவ்வளவுதான்.

கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மைமூன் நடுவுல ரெண்டு தரம் ரோட்டோரம் உக்காந்துட்டா. நான் கையைப் பிடிச்சுத் தூக்கினேன். அப்பத்தான் அந்தக் கையை நான் தொட்டுப் பாக்கறேன், எத்தனையோ நாளைக்கு அப்புறம்.

நர்சம்மா வயசுப் பொண்ணு. புள்ளையைப் பாத்துட்டுத் தாயைப் பாத்தா.

"என்னா சாப்பிடறே?"

"எல்லாம் சாப்பிடறேங்க."

"எல்லாம்னா?"

"சோறு, பருப்பு, கீரை. மாமி நல்லா பாத்துக்கறாங்க."

என்னைப் பாக்காமயே சொன்னா. ஒரு தடவை கூட திரும்பலை. அவ அத்தாவோட காளைக்கன்னை நான் எத்தனை தரம் சொல்லிக் காட்டியிருக்கேன், இவ பதிலுக்கு ஒரு சொல்லு சொன்னதில்லைங்கிறது அங்க நிக்கும்போதுதான் தோணுச்சு.

நர்சம்மா அவ மணிக்கட்டைத் தூக்கினா. வளையல் முழங்கை வரைக்கும் வழுக்கிக்கிட்டுப் போச்சு. "நோன்பா?"ன்னா. மைமூன் வளையலைக் கீழே இறக்கி விட்டுக்கிட்டா.

"ஏன் ஆயா, நீங்க எத்தனை பெத்தீங்க?"

"ஆறு. நின்னது ரெண்டு."

"அப்ப உங்களுக்கு நானா சொல்லணும்? தாயிக்குப் பால் வத்திப்போச்சு. சோறு போடுங்க, வேளாவேளைக்கு. இதுக்கு மருந்து பாட்டில் கிடையாது. இப்படியே இன்னும் நாலு நாள் போனா இங்க தூக்கிட்டு வராதீங்க."

வரிசையில நின்ன சனம் பூரா திரும்பிப் பாத்துச்சு. நம்ம தெரு ஆளும் ஒருத்தி. தலைத்துணியை இழுத்து மூஞ்சியை மூடிக்கிட்டேன். அவமானம் மூஞ்சியில இல்லை, அதை மூடி என்னா.

பிறை 11, அதே நாள், பொழுது சாயறதுக்கு முன்னாடி

பானையைத் திறந்தேன். படியால அள்ளி உலை வச்சேன். பூண்டு உரிச்சுப் போட்டுக் குழைய ஆக்கினேன், பருப்பு கடைஞ்சேன். தட்டை வச்சா மைமூன் பின்னாடி நகந்துக்கறா.

"வேணாங்க மாமி. பள்ளிவாசலுக்கு நேந்த அரிசி. அதைத் தின்னா புள்ளைக்கு ஆகாது."

"நேந்தது நானு. நீ இல்லை."

"இருந்தாலும்..."

அவளுக்கு நெசமான பயம். அந்தப் பயத்தை ஊட்டினதும் நான்தான். அரிசியைத் தொட வந்த ஜுபைதா கையில அடிச்சு, இது அல்லாவுக்கு, தொட்டா கை அழுகிடும்னு சொன்னேன். மைமூன் பக்கத்துலதான் நின்னா.

சோத்தைப் பிசைஞ்சு உருட்டினேன். "பாவம் இருந்தா என் தலையில. வாயைத் திற." திறந்தா. அஞ்சாறு உருண்டை ஊட்டினேன். மெல்லும்போதே கண்ணுல தண்ணி. எனக்கு வரலை. வந்திருந்தா தேவலாம்.

காதர் வந்தான். தட்டைப் பாத்தான், பானையைப் பாத்தான், நடந்ததைக் கேட்டுக்கிட்டான். கத்துவான்னு நினைச்சேன். செருப்பைக் கழட்டி ஓரமா வச்சுட்டு மெதுவாச் சொன்னான், "உங்களுக்கு அத்தா பேரு பெருசும்மா."

கத்தியிருக்கலாம்.

பிறை 13, திங்கள்

மைமூனுக்கு:
காலையில – சோறு, பாசிப்பருப்பு.
பத்து மணிக்கு – கேழ்வரகுக் கூழு, வெல்லம் போட்டு. (சக்கரை டப்பாவையும் திறந்துட்டேன்.)
மத்தியானம் – சோறு, முருங்கைக் கீரை. பட்டம்மாகிட்டக் கேட்டு ஒடிச்சது. "கேக்காமயே ஒடிக்கறவங்க இன்னைக்கு என்னா கேக்கறீங்க"ன்னு சிரிச்சா. தெரிஞ்சேதான் இருந்திருக்கா.
சாயங்காலம் – பூண்டுப் பால். பால் கால் படி, பட்டம்மா வூட்டு எருமை.
ராத்திரி – சோறு, கருவாடு.
மத்தவங்களுக்குக் களி.

பானை இறங்குது. பதினேழுக்கு நிக்காது. தெரிஞ்சுதான் அள்ளறேன். நேத்து அள்ளும்போது கை ஒரு நொடி நின்னுச்சு. அதையும் எழுதிடறேன். யாருக்கும் தெரியாது, ஆனா நின்னுச்சு.

பிறை 14, செவ்வாய்

ர. வூட்டுக்குப் போனேன். காதர் போறேன்னான், வேணாம்னுட்டேன். அவ வாசப்படி ஏறிப் பல வருசம். பாய் விரிச்சா. உக்காரலை.

"பதினேழை நீங்க எடுத்துக்கங்க."

ஏன்னு கேப்பா, நாக்குல விசத்தை வச்சுக்கிட்டுத்தான் கேப்பான்னு வழியெல்லாம் பதில் தயார் பண்ணிக்கிட்டுப் போனேன். அவ கேக்கலை.

"ஆஸ்பத்திரி சமாச்சாரம் கேள்விப்பட்டேன். புள்ளை எப்படிக்கா?"

அது அதைவிடக் கஷ்டமா இருந்தது. "பரவாயில்லை"ன்னேன்.

"பள்ளிவாசல்ல மூத்தவர் பேரையே சொல்லச் சொல்லட்டுமா? அரிசி எங்கதா இருந்துட்டுப் போகுது. யாருக்குத் தெரியப்போகுது?"

ஒரு நிமிசம் ஆசை வந்துச்சு. அவுங்க பேரு ஒலிக்கும், ஊர் கேக்கும், ஒண்ணும் ஆகாத மாதிரி போயிடும். அதுக்கப்புறம் சாகற வரைக்கும் இவ முன்னாடி நான் நிமிர முடியாது. அது ஒண்ணு. இன்னொண்ணு, அந்தப் பேருக்காகத்தானே வந்தது எல்லாம்.

"வேணாம். உங்க அரிசி, உங்க பேரு."

"அரிசி வேணுமாக்கா, வூட்டுக்கு?" உள்ள போயி முறத்துல கொண்டாந்தா.

வாங்கலைன்னு எழுத ஆசைதான். வாங்கினேன். முந்தானையில முடிஞ்சுக்கிட்டு வந்தேன். இந்தக் கை அவகிட்ட நீண்டதை நான் மறக்கமாட்டேன். எனக்குத்தான் எதுவும் மறக்காதே.

பிறை 15, புதன்

விடியக்காலையில புள்ளை கத்தினான். ஊரைக் கூட்டற கத்து. மைமூன் எடுத்து மடியில போட்டா, குடிக்கிற சத்தம் அடுப்படி வரைக்கும். காதர் சிரிக்கிறான். நான் அடுப்பை ஊதிக்கிட்டே இருந்தேன். அந்தப் பக்கம் போக மூஞ்சி இல்லை.

அவரைக்கா, புளிச்சாறு. மொச்சைக்குத் தண்ணி ஊத்தி வச்சேன்.

மைமூன், "மாமி, நீங்க நேத்து ஒண்ணுமே சாப்பிடலையே"ன்னா. இவ வாயில ஏன் ஒரு வையிற சொல்லு வர மாட்டேங்குதுன்னு கோவமா வருது.

பிறை 17, வெள்ளி

வெயில் இன்னைக்குத்தான் நல்லா. பள்ளிவாசல்ல கொழுந்தனார் பேரைச் சொல்லி, கஞ்சி வாங்கிக்கச் சொல்லி மோதினார் கூப்பிட்டாரு. கேட்டேன். முழுசாக் கேட்டேன், காதைப் பொத்தலை.

ஜுபைதா தூக்குவாளியைத் தொடலை. "அவுங்க கஞ்சியை நான் வாங்கமாட்டேன். அவுங்க கெட்டவங்கன்னு நீதானே சொன்னே."

எட்டு வயசுக்குள்ள எத்தனை சொல்லி வச்சிருக்கேன் பாரு. அவளை அதட்டலை. வாளியை நானே எடுத்துக்கிட்டேன்.

பள்ளிவாசலுக்குப் பின்னாடி சந்து. பொம்பளைங்க வரிசை, முக்கால்வாசி பொடுசுங்க. இத்தனை வருசம் அண்டாவுக்கு அந்தப் பக்கம் நின்னு, யாருக்குக் கறி விழுந்துச்சு யாருக்கு விழலைன்னு பாத்தவ. இன்னைக்கு இந்தப் பக்கம். எனக்கு முன்னாடி நின்னவ திரும்பிப் பாத்து, "நீங்க முன்னாடி போங்களேன்"னா. "வரிசையிலயே வர்றேன்"னேன்.

ஊத்தறது ர. மகன். கரண்டி அந்தரத்துல நின்னுட்டுது. "பெரியம்மா, நீங்க ஏன்... ஆளை விட்டிருந்தா நானே கொண்டாந்திருப்பேனே."

"ஊத்துப்பா."

"எத்தனை பேருக்கு?"

பின்னாடி பூரா தெரிஞ்ச சனம். சத்தமாவே சொன்னேன். "நாலு பேருக்கு. என் மருமக நோன்பு இல்லை. பால் குடுக்கிறா. அவளுக்குக் கறியா பாத்து இன்னொரு கரண்டி ஊத்து."