பிள்ளைக்குச் சொல்லாத சொல்

வட்டுக்கோட்டை,
8.9.2024

அன்புள்ள ரஞ்சினிக்கு,

பத்தாம் வகுப்பில் றயன் ஒருநாள் கேட்டது நினைவிருக்கிறதா? "அப்பா, இங்கிலீசிலை சொவ்ற் ஸ்பொற் (soft spot) எண்டால் அன்புதானே? உங்களுக்கு என்னிலை அது இருக்கோ?"

அது காரணமில்லாத சின்னப் பிரியம் என்றேன். தெரு நாய்க்குச் சொல்லலாம், பழைய குடைக்குச் சொல்லலாம், வீட்டுவேலை செய்யாமல் வந்து சிரிக்கிற மாணவனுக்கும் சொல்லலாம். பெற்ற பிள்ளைக்குச் சொல்வதில்லை. அதற்கு அது காணாது; அவ்வளவு சின்னச் சொல்.

நேற்று உம்முடைய தம்பி எமில்ராஜ் வந்து, றயனின் சைக்கிளை விற்கச் சொன்னார். "அதிலை எனக்கொரு சொவ்ற் ஸ்பொற்" என்று சொல்லி மழுப்பினேன். அவர் போன பிறகு சைக்கிள் மணி ஒருமுறை அடித்தது. காற்றில்லை. பின்னேரங்களில் அப்படித்தான். நான் வாசல் படலையைப் பூட்டுவதில்லை.

மரித்தோர் நாளில் அவனுக்கு மெழுகுதிரி ஏற்றச் சொல்கிறீர். எங்கள் புரட்டஸ்தாந்து சபையில் அந்த வழக்கம் இல்லையே.

உம்முடைய,
நவரட்ணம்

மெல்பேர்ண்,
29.9.2024

றயனின் அப்பாவுக்கு,

போனில் இதைக் கதைத்தால் வைத்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

சபையைச் சாட்ட வேண்டாம். குருநகரில் என் அம்மாவின் கல்லறைத் திரியை வருடா வருடம் காற்றுப் படாமல் கையால் மறைத்தது யார்? ஏற்றினால் அவன் இல்லை என்று நாமே சொன்னதாகிவிடும் என்ற பயம் உங்களுக்கு. எனக்கும் அதுதான். 2009இல் கடைசிச் சண்டையில் காணாமல் போன பிள்ளைக்கு இப்போது முப்பத்து நான்கு வயது.

"அத்தானுக்குச் சைக்கிளிலைதான் இரக்கம், உன்னிலை இல்லை அக்கா" என்று எமில் பகிடி விட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காணாது என்று நீங்களே தள்ளிவைத்த சொல்லுக்குள் ஏன் அவனை ஒளிக்கிறீர்கள்?

நீங்கள் ஏற்றாவிட்டால் நானும் ஏற்றமாட்டேன். அவன் இரண்டு பேருக்கும் பிள்ளை.

ரஞ்சினி

குருநகர்,
2.11.2024

அன்புள்ள ரஞ்சினிக்கு,

சேமக்காலையில், மாமியின் கல்லறையடியில் இருந்து எழுதுகிறேன். சைக்கிளுக்கு டயர் மாற்றி, அதிலேயே வந்தேன்.

பக்கத்துக் கல்லறையில் நின்ற சிமியோன், "மாஸ்ரர், ரெண்டாவது திரி ஆருக்கு?" என்றார்.

"என்ரை மகன் றயனுக்கு."

இறந்துவிட்டானா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தன் தீப்பெட்டியை நீட்டினார். நான் ஏற்றினேன். அவர்தான் காற்றை மறைத்தார்.

மதிலோடு சாத்திய சைக்கிளின் மணி அடித்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரி எரிந்துகொண்டிருந்தது.

இந்த நவம்பர் முழுவதும் மரித்தோர் மாதம்தானே. இது கிடைக்கிற அன்று நீரும் ஒன்றை அவன் பெயரைச் சொல்லி ஏற்றும். ஊதி அணைக்காமல் விடும்.

றயனின் அப்பா