கடைசி வரிசையின் ஆறு பொட்டுகள்

முந்தாநாள் லேபில் ஒரு கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தது. போன வாரம் நானே உட்கார்ந்து சரிசெய்து கொடுத்ததுதான். இரண்டாமாண்டுப் பெண் ஒருத்தி கையைத் தூக்கி, "மேடம், விர்ச்சுவல் மெஷின் ஓட மாட்டேங்குது. செட்டிங் ஆஃப்ல இருக்காம்" என்றாள். "நீ எதையாவது நோண்டியிருப்பே" என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டு, எஃப்-டூ பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தேன். விண்டோஸ் வருவதற்கு முன்னால் வருமே, மௌஸ் வேலை செய்யாத அந்த நீலத் திரை, அது வந்தது. தேதி ஏதோ ஒரு பழைய வருடத்து ஜனவரி ஒன்று என்று காட்டியது. விர்ச்சுவலைசேஷன் என்ற வரிக்கு எதிரே 'டிசேபிள்டு' என்று இருந்தது.

பாவம், அந்தப் பெண் எதையும் தொடவில்லை. உள்ளே காசு அளவில் இருக்கும் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. அது தீர்ந்தால் நாம் மாற்றி வைத்ததையெல்லாம் கம்ப்யூட்டர் மறந்துவிடும். வாங்கி வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே திரும்பிவிடும். புது பேட்டரியைப் போட்டு மூடியைத் திருகிக்கொண்டிருக்கும்போது, ஆறு வருடங்களுக்கு முன்னால் பிரின்சிபால் அறையில் நீ சொன்னது ஞாபகம் வந்தது. "சில சமயம் பேட்டரி வீக்கானா செட்டிங் தானா மாறிடும் சார்." ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

நாம் இரண்டு பேரும் பெரம்பலூரில் இதே பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். நீ வாலிகண்டபுரத்திலிருந்து வருவாய், நான் அரியலூரிலிருந்து. மார்க் உனக்குத்தான் அதிகம். என் வீட்டில் என்னை மேலே படிக்க அனுப்பினார்கள், உன் வீட்டில் உனக்குக் கல்யாணம் பண்ணி வைத்தார்கள். நான் விரிவுரையாளராக இங்கேயே திரும்பி வந்தபோது நீ அதே லேபில் ஒப்பந்தத்தில் லேப் அசிஸ்டென்ட். பிள்ளைகள் எதிரில் "மேடம், மேடம்" என்பாய். அவர்கள் வெளியே போனதும், "ஏண்டி, டிபன் பாக்ஸ கழுவி வைக்கத் தனியா ஆளு வரணுமா?" என்பாய். அந்த 'மேடம்' எனக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது. இனி ஒளித்து என்ன ஆகப்போகிறது.

அந்த வருடம் பாடத்தில் லினக்ஸ் வந்தது. விண்டோஸை எடுக்கக் கூடாது என்று பிரின்சிபால் கறாராகச் சொல்லிவிட்டார். கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டுவது என்று முடிவானது. அதற்கு நீலத் திரைக்குள் போய் அந்த ஒரு வரியை மாற்ற வேண்டும், முப்பது கம்ப்யூட்டரிலும், ஒவ்வொன்றாக. இது எதற்கு என்று பிள்ளைகள் கேட்டார்கள். நான் பத்து நிமிடம் விளக்கம் சொன்னேன். நீ பின்னாலிருந்து, "மாடியில வேற ஒருத்தர குடி வைக்கணும்னா வூட்டுக்காரரு சம்மதம் வேணும்ல? அந்தச் சம்மதத்தத்தான் இங்க வாங்குறோம்" என்றாய். பரீட்சையில் பாதிப் பேர் உன் விளக்கத்தைத்தான் எழுதி வைத்திருந்தார்கள். நானும் மார்க் போட்டேன்.

எதில் மாற்றினோம், எதில் இன்னும் மாற்றவில்லை என்று குழம்பியபோது நீ கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தாய். மாற்றி முடித்த கம்ப்யூட்டரின் திரை மூலையில் ஒரு மெரூன் பொட்டு. பார்க்க லேபே விசேஷ வீட்டுக்குக் கிளம்பியது மாதிரி இருந்தது. "பொட்டு இருந்தா ஆன். ஆஃப் பண்ணிட்டு அப்புறந்தான் பொட்ட எடுக்கணும். மாத்திச் செஞ்சே, மகளே அவ்வளவுதான்" என்று என்னிடம் விரலை ஆட்டினாய். ஏனென்றால் சில சனிக்கிழமைகளில் வெளி நிறுவனம் ஒன்று நம் லேபில் வேலைக்கான தேர்வு நடத்தும். கம்ப்யூட்டருக்குள் இன்னொன்றை ஒளித்து வைத்துக் காப்பி அடிப்பார்களாம், அதனால் அந்த செட்டிங் போட்டிருந்தால் அவர்களுடைய மென்பொருள் திறக்காது. வெள்ளி சாயங்காலம் அணைக்க வேண்டும், திங்கள் காலை போட வேண்டும். முன்னால் மூன்று வரிசை உனக்கு, பின்னால் இரண்டு வரிசை எனக்கு. வரிசைக்கு ஆறு.

அந்த வெள்ளிக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. ஐந்தேகால் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். நாலாவது வரிசையை முடித்தபோது அம்மா போன் பண்ணினாள். "மாப்ள வூட்டுக்காரங்க திருமானூரு தாண்டிட்டாங்களாம். நீ இன்னும் அங்க என்னடி பண்ற?" நேரம் மிச்சமாகட்டும் என்று கடைசி வரிசையில் ஆறு பொட்டையும் முதலிலேயே உரித்து மேஜை விளிம்பில் வரிசையாக ஒட்டிவிட்டு, முதல் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். அது 'அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம்' என்று சுற்ற ஆரம்பித்தது. மறுபடி அம்மா. பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஸ்டோர் ரூமிலிருந்து நீ கத்தினாய்: "மாப்ள மூஞ்சிய நல்லாப் பாத்துட்டு வாடி. அப்புறம் சரியாப் பாக்கலன்னு சொல்லக் கூடாது."

அதன் பிறகு நீ லேபைச் சுற்றி வந்திருக்கிறாய். எந்தத் திரையிலும் பொட்டு இல்லை. 'முப்பதிலும் செட்டிங் அணைக்கப்பட்டது' என்று ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுப் பூட்டியிருக்கிறாய்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். பாதி வழியில், பஸ்ஸில், எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. போனைக் கையில் எடுத்தேன். நீ இந்நேரம் ஊர் பஸ் ஏறியிருப்பாய், திரும்பி வரச் சொன்னால் திட்டுவாய், காலையில் முதல் பஸ்ஸில் போய் நானே முடித்துவிடலாம் என்று போனை உள்ளே வைத்தேன். அன்று மாப்பிள்ளை வீட்டாருக்கு என்னைப் பிடித்துப்போய்விட்டது. ராத்தங்கி, காலையில் காபி குடித்துக்கொண்டே பேசினார்கள். நடுவில் எழுந்து போக எனக்கு மனசு வரவில்லை. லேபுக்கு நான் வந்து சேர்ந்தபோது தேர்வு ஆரம்பித்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. கடைசி வரிசையில் ஆறு பேர் திறக்காத திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். மீன்சுருட்டியிலிருந்து விடியற்காலையே கிளம்பி வந்த பெண் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். நீ அவள் தோளைத் தொட்டபடி நின்றிருந்தாய்.

திங்கட்கிழமை பிரின்சிபால் அறையில் நாம் மூன்று பேர்தான். நீ பேட்டரி என்றாய். அவர், "பேட்டரியோ கீட்டரியோ, கையெழுத்து யாரோடதும்மா?" என்றார். "என்னுதுதாங்க சார்." அவர் என் பக்கம் திரும்பி, "நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். எனக்கு அப்போது வேலை நிரந்தரம் ஆகவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்துக்கொண்டிருந்தார்கள். "பழைய மெஷின்ங்க சார். பேட்டரியாத்தான் இருக்கும்" என்றேன். உனக்கு ஆதரவாகப் பேசியதாக என்னை நானே மெச்சிக்கொண்டு வெளியே வந்தேன். மாதக் கடைசியில் உன் ஒப்பந்தம் முடித்துவைக்கப்பட்டது. காரணம் என்ற இடத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதியிருந்தார்கள். முப்பது கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்துக் கணக்குப் பார்த்தவளுக்குக் கவனக்குறைவு.

பேட்டரி என்று நீ நிஜமாகவே நம்பினாய் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். அதை வைத்துத்தான் தூங்கினேன். முந்தாநாள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபோது அதுவும் போயிற்று. பேட்டரி தீர்ந்தால் அந்த செட்டிங் அணைந்துபோகும். தானாக ஒருநாளும் விழித்துக்கொள்ளாது. அன்று அந்த ஆறையும் கெடுத்தது அது போட்டபடியே இருந்ததுதான். வாங்கி வந்தபோது முப்பதிலும் அது அணைந்துதான் இருந்தது. ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து போட்டவளுக்கு இது தெரியாதா? பிரின்சிபாலுக்குத் தெரியாது என்று தெரிந்தே, என்னைக் காப்பாற்ற வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறாய். பாடம் நடத்துகிற எனக்கு இது ஆறு வருடம் உறைக்கவில்லை என்றால் யாராவது நம்புவார்களா? யோசித்தால் தெரிந்துவிடும் என்பதால் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

நீ பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் சேர்ந்தாய். நான் அன்றிலிருந்து புது பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினேன். உனக்கு மஞ்சள் காமாலை வந்து முற்றி, நீ இறந்துபோனதே எட்டாம் நாள்தான் என் காதுக்கு வந்தது. அப்போதும் வரவில்லை.

இன்று காலை வந்தேன். உன் வீட்டுக்காரர் வாசலில் சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தார். "வாங்க மேடம்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காராமலே சொல்லிவிட்டேன். கடைசி வரிசையை விட்டுவிட்டுப் போனது நான்தான், பஸ்ஸிலேயே ஞாபகம் வந்தது, போன் பண்ணவில்லை, எல்லாவற்றையும். அவர் வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"விட்டுட்டுப் போனது நீங்கதான்னு தெரியும். பரீட்சை அன்னைக்குச் சாயங்காலமே சொல்லிட்டா. 'பஸ்ஸுக்கு ஓடுனதுல மறந்துட்டா'ன்னா. எனக்குக் கோவம் வந்துச்சு. காலேஜுக்கு வந்து கேக்குறேன்னு கெளம்புனேன். வேணாம்னு நிறுத்திட்டா. 'பொண்ணு பாத்துட்டுப் போயிருக்காங்க, இப்பப் போயி அவ பேரக் கெடுக்காத. ரெண்டு நாளு போவட்டும், அவளே வந்து சொல்லுவா'ன்னா."

ஆய்ந்த வெங்காயத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு அவரே தொடர்ந்தார்.

"அப்புறம் கல்யாணப் பத்திரிகை வந்துச்சு. 'இன்னைக்குச் சொல்லிருவா பாரு'ன்னு சொல்லிட்டுத்தான் அரியலூருக்குப் பஸ் ஏறுனா. மத்தியானம் திரும்பி வந்து, சேலைய மாத்திட்டு, பழைய சோத்த எடுத்து வச்சு சாப்புட்டா. ஏன், கல்யாண வூட்ல சாப்புடலியான்னு கேட்டேன். பந்தியில கூட்டம்னா. அதோட அந்தப் பேச்ச எடுக்கவே இல்லைங்க."

நாளைக்குக் கல்லூரியில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். "குடுங்க" என்றார். "ஊர்ல ரெண்டு பேரு இன்னமும் அவள பரீட்சையக் கெடுத்தவன்னுதான் சொல்றாங்க. எம்மவ காதுலயும் அது விழுது." நான் கிளம்பும்போது எழுந்து நின்றார், ஆனால் போயிட்டு வாங்க என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

எழுதியும் வைத்துவிட்டேன். ஒரு பக்கம்தான். 'கவனக்குறைவு என்னுடையது' என்று முடித்திருக்கிறேன். என்னை என்ன செய்தாலும் செய்யட்டும். எழுதி முடித்த பிறகும் மனசு ஆறவில்லை, அதனால்தான் உனக்கு இது.

என் கல்யாணத்தில் பந்தியில் கூட்டமே இல்லை. நாங்கள் எதிர்பார்த்ததில் பாதிப் பேர்தான் வந்திருந்தார்கள். நீ மேடைக்கு வந்தாய், பரிசை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு என் பக்கம் வந்து கையைப் பிடித்தாய். போட்டோக்காரர், "அக்கா, இங்க பாருங்க, இங்க பாருங்க" என்று இரண்டு தடவை சொன்னார். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். கையை விடவில்லை. எதற்கோ காத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரிந்தது. எதற்கென்றும் தெரிந்தது. பின்னால் வரிசையில் ஒருவருமில்லை. குனிந்து உன் காதில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். "சாப்பிட்டுட்டுப் போடி" என்று சொல்லி, கையை நான்தான் உருவிக்கொண்டேன்.