ஏழாம் வாரம்

வாலாஜாபாத்
9-6-2025

அன்புள்ள செல்விக்கு,

ப்ரியா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் மடித்து உறைக்குள் போட்டுவிடாதே. முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

போன வெள்ளிக்கிழமை சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் உன்னைப் பார்த்தேன். ஷேர் ஆட்டோவில் ஏழு பேருக்கு நடுவில் நீலச் சட்டையோடு உட்கார்ந்திருந்தாய். “செல்வி!” என்று கத்தினேன். நீ திரும்பவில்லை, அடுத்த ஆட்டோக்காரர்தான் திரும்பினார். “இன்னா மா, ஒரகடமா? ஏறு, எடம் கீது” என்றார். உன் சட்டை முதுகில் இருந்த கம்பெனிப் பெயரை வைத்துத்தான் இந்த விலாசம். நம்பரை மாற்றிக்கொண்டு ஆறு வருடம் ஒளிந்திருந்தாய். ஊருக்கே போய்விட்டாய் என்று நினைத்திருந்தேன். நீயோ அரை மணி நேரப் பஸ் தூரத்தில் இருந்திருக்கிறாய்.

அம்மா இன்னும் கேட்கிறாள், “அந்தத் திருநெல்வேலிப் பொண்ணு இன்னாடி ஆனா?” என்று. தணிகாசலம் சாரிடம் பிஎச்.டி.க்கு நாம் ஒரே நாளில் சேர்ந்தோம். நான் முடித்து இங்கே ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். நீ மூன்றாம் வருடம் ஒரு திங்கட்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு போனாய். அம்மாவிடம் நான் என்ன சொல்வது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆராய்ச்சி மாணவர்களுக்காகச் செல் சவ்வு பற்றி ஒரு கருத்தரங்கு தொடங்க விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜனவரியில் தொடங்கிப் பதினைந்து வாரம், வியாழக்கிழமைதோறும் ஒரு ஆய்வுக் கட்டுரை. ஒரு மாணவர் கட்டுரைக்கு வக்கீல், இன்னொருவர் எதிர்த்தரப்பு வக்கீல். மற்றவர்கள் கேள்வி கேட்கலாம், தூங்கத்தான் கூடாது. எங்கிருந்து திருடினேன் என்று உனக்குத் தெரியும். சனிக்கிழமை மத்தியானம் கேன்டீனில் நீ நடத்திய விளையாட்டுதானே இது? நான் எந்தப் பக்கம் நின்றாலும் தோற்பேன்.

ஏழாம் வாரத்துக்கு நம் லேபிலிருந்து வந்த கட்டுரையையே போட்டிருக்கிறேன். அதற்கு எதிர்த்தரப்பாக நீ வர வேண்டும். உன் பழைய நோட்டு இருந்தால் கொண்டு வா.

பதில் போடுவாய்தானே?

உன் ப்ரியா

சேரப்பணஞ்சேரி
22-6-2025

அன்பு ப்ரியா,

உன் கடிதம் கம்பெனி கேட்டுக்கு வந்து, ரிஜிஸ்டரில் ஏறி, லைனுக்கு வந்தது. செக்யூரிட்டி ராஜசேகர் அண்ணன் எல்லார் முன்னாலும், “இன்னா மா, கோர்ட்டு நோட்டீஸா? இந்தக் காலத்துல யாரு லெட்டர் போட்றாங்க?” என்று கேட்டுவிட்டார். அடுத்ததை மேலே போட்டிருக்கும் ரூம் விலாசத்துக்கு அனுப்பு.

நன்றாகத்தான் இருக்கிறேன். கார்க் கதவின் ஓரத்தில் ரப்பர் பட்டை ஒன்று இருக்கும் அல்லவா, மழைத் தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது? அதைச் செய்கிற கம்பெனி. நான் லைன் கடைசியில் நின்று தடவிப் பார்த்து, வெடிப்பு இருந்தால் ஒதுக்குகிறவள். ரூமில் நாங்கள் மூன்று பேர். அப்பா போன வருடத்துக்கு முந்தின மார்கழியில் போய்விட்டார். அம்மா தம்பியோடு ஊரில் இருக்கிறாள்.

கருத்தரங்கு நல்ல யோசனை. முதல் வாரமே பெரிய கட்டுரையைக் கொடுத்துப் பிள்ளைகளை விரட்டிவிடாதே. சவ்வு ஒரு சுவர் என்று நினைத்துக்கொண்டுதான் வருவார்கள், நாமும் அப்படித்தானே வந்தோம். அது அசைந்துகொண்டே இருப்பது என்று அவர்களே கண்டுபிடிக்க இரண்டு வாரம் விடு.

ஏழாம் வாரத்துக்கு என்னைக் கூப்பிடாதே. என் நோட்டில் இருப்பது கை சரியில்லாதவள் எழுதிய எண்கள். சவ்வு மாதிரி நாம் கொழுப்பில் செய்த குமிழி, கட்டுரையில் சொன்ன அந்தப் புரதத்தைச் சேர்த்தால்தான் ஒழுகியது என்றார்கள் எல்லாரும், என்னுடையது சேர்க்காமலே ஒழுகியது. சார் என்ன சொன்னார் என்று நீயும் பக்கத்தில்தான் நின்றாய். “மாரிசெல்வி, தப்பு குமிழியில இல்ல, உன் கையில.”

ஊருக்குத் திரும்பிய அன்று அப்பா என் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏட்டி, இந்தக் கைக்கு என்ன கொறச்சல்? எனக்கு ஒண்ணுந் தெரியலியே” என்றார். இங்கே டெஸ்ட் ரூம் வேலைக்கு இரண்டு முறை கூப்பிட்டார்கள். தராசும் பிப்பெட்டும் எனக்கு ஒத்துவராது என்று சொல்லிவிட்டேன்.

உன் குழந்தை மாதிரி அந்தக் கருத்தரங்கை வளர்த்துக்கொள். என்னை விட்டுவிடு.

அன்புடன்
செல்வி

வாலாஜாபாத்
29-6-2025

என் செல்வி,

அப்பா போன செய்தி எனக்குத் தெரியாது. மன்னித்துக்கொள். இதை எழுத மூன்று முறை உட்கார்ந்து மூன்று முறை எழுந்துவிட்டேன்.

உன் கையில் தப்பு இல்லை.

நீ பையைத் தூக்கிக்கொண்டு போவதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. லேபில் யாரும் இல்லை. உன்னைச் சார் திட்டியது மனசில் அறுத்துக்கொண்டே இருந்தது. நான் புதிதாகக் குமிழி செய்து, ஒழுகினால் தெரியும்படி உள்ளே சாயம் நிரப்பி, புரதம் சேர்க்காமல் வைத்துப் பார்த்தேன். ஒழுகியது. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் ஒழுகியது. உனக்கு வந்த அதே எண்கள்.

நம் லேபின் வழக்கம் உனக்குத் தெரியும். நல்ல முடிவு வந்தால் பைண்டு நோட்டில் ஏற்று, வராவிட்டால் துண்டுத் தாளில் எழுதி, சாரிடம் காட்டிவிட்டுக் கிழித்துப் போடு. நீ ஒருத்திதான் எல்லாவற்றையும் நோட்டிலேயே எழுதுவாய், அதற்கும் வாங்கிக் கட்டிக்கொள்வாய். நான் துண்டுத் தாளில்தான் எழுதினேன். யாரிடமும் காட்டவில்லை, கிழிக்கவும் இல்லை. மறுநாள் நீ போவதை ஜன்னலில் நின்று பார்த்தேன்.

எனக்கு ஆய்வறிக்கை கொடுக்க இரண்டு மாதம்தான் இருந்தது. கட்டுரையில் என் பெயர் இரண்டாவதாக இருந்தது. பயந்துவிட்டேன் செல்வி. இதற்கு மேல் எனக்குக் காரணம் இல்லை. அந்தக் கட்டுரையைக் காட்டித்தான் இந்த வேலை கிடைத்தது.

தாளை இதோடு வைத்திருக்கிறேன். தேதியும் கையெழுத்தும் இருக்கின்றன. ஏழாம் வாரம் உனக்காகத்தான் போட்டேன். மாணவர்கள் முன்னால் உன் எண்களையும் என் எண்களையும் பலகையில் எழுதி, உன் பெயரைச் சொல்வேன். இதையாவது செய்ய விடு.

ப்ரியா

சேரப்பணஞ்சேரி
20-7-2025

ப்ரியா,

மூன்று வாரமாக உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். வாய்விட்டே திட்டினேன். பக்கத்தில் நிற்கும் தேவிப்பிரியா, “இன்னாக்கா, ரப்பரைத் திட்டிகினு கீற?” என்று கேட்டாள்.

பிறகு ஒருநாள் சாப்பாட்டு வேளையில் எனக்குக் காரணமே புரிந்துவிட்டது. குமிழிக்குள் நாம் நிரப்பிய கரைசலில் உப்பு அதிகம், வெளியே குறைவு. தண்ணீர் தானாக உள்ளே போகும், குமிழி ஊதி ஊதி உடையும். புரதம் எதற்கு? மற்றவர்கள் புரதம் சேர்க்காத குமிழியோடு ஒப்பிட்டே பார்க்கவில்லை, செய்திருந்தால் துண்டுத் தாளில் போயிருக்கும். முதல் வருடப் பாடம் ப்ரியா இது! என் கை மேல் சந்தேகப்பட்ட நேரத்தில் உப்பின் மேல் சந்தேகப்பட்டிருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பேன். தட்டை வைத்துவிட்டு அழுதேன். சந்தோஷமா துக்கமா என்று கேட்டால் தெரியாது. அப்பாவிடம் சொல்ல முடியாதே என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது.

அன்றைக்கே லைன் இன்சார்ஜ் இளங்கோவன் சாரிடம் போய் டெஸ்ட் ரூமுக்கு வருகிறேன் என்றேன். “போன மாசமே ஆள் போட்டாச்சும்மா. அப்பவே சொல்லிருந்தா இன்னா?” என்றார்.

நோட்டை அனுப்புகிறேன். பக்கம் 112-லிருந்து 131 வரை. ஏழாம் வாரம் பிப்ரவரியில் வரும் என்று கணக்குப் போட்டேன். அந்த வியாழக்கிழமைக்கு இப்போதே ஷிப்ட் மாற்றச் சொல்லி வைத்திருக்கிறேன். எதிர்த்தரப்பாகப் பேச எனக்கு இப்போது தைரியம் இல்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஒருவர் என் எண்கள் சரி என்று சத்தமாகச் சொல்வதைக் கேட்க வேண்டும். ஒரு தடவை போதும். அதைக் கேட்டுவிட்டால் உன்னோடு பழையபடி பேச முடியும் என்று தோன்றுகிறது. பேச ஆசையாகவும் இருக்கிறது.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

செல்வி

வாலாஜாபாத்
24-8-2025

அன்புள்ள செல்விக்கு,

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். கருத்தரங்குக்கு அனுமதி கிடைத்துவிட்டது. நீ சொன்னபடி முதல் இரண்டு வாரத்தை மாற்றிவிட்டேன், எல்லாரும் அதைத்தான் பாராட்டினார்கள்.

பாடத்திட்டக் குழுவுக்கு வெளி நிபுணராக யார் வருவார் என்று எனக்கு முன்கூட்டித் தெரியாது. கதவைத் திறந்தால் தணிகாசலம் சார் உட்கார்ந்திருக்கிறார். தலை நன்றாக நரைத்துவிட்டது. விண்ணப்பத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, “பிரமாதமா பண்ணியிருக்கம்மா” என்றார். ஏழாம் வாரத்தில் விரலை வைத்தார். “இது மட்டும் எதுக்கு? பசங்களுக்குப் புதுசா எதாவது குடேன்.” என் முதல்வர் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தேன் செல்வி, நிஜமாகத் திறந்தேன். “சரி சார்” என்றுதான் வந்தது.

இந்த வருடம் மட்டும்தான். எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. அது முடிந்ததும் கண்டிப்பாகச் சேர்த்துவிடுகிறேன். நீ பிப்ரவரியில் வா, வேறு வாரத்துக்கு வா. பிள்ளைகளுக்கு உன்னை என் தோழி என்று அறிமுகம் செய்கிறேன்.

உன் நோட்டு என் மேஜை டிராயரில் பத்திரமாக இருக்கிறது. அப்புறம் ஒன்று. அந்தத் துண்டுத் தாளை மட்டும் திருப்பி அனுப்பிவிடேன். என் பழைய தாள்களோடு சேர்த்து வைத்துக்கொள்கிறேன். உன்னை நம்பாமல் கேட்கிறேன் என்று நினைக்காதே.

என்றும் உன்
ப்ரியா

சேரப்பணஞ்சேரி
7-9-2025

மோகனப்ரியாவுக்கு,

வியாழக்கிழமை ஷிப்ட் மாற்றியதை ரத்து செய்யப் போனேன். எதற்கு மாற்றினாய், எதற்கு வேண்டாம் என்கிறாய் என்று தேவிப்பிரியா துளைத்து எடுத்தாள். டீ நேரத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். குமிழி, உப்பு, சார், நீ. பன்னிரண்டாவதுதான் படித்திருக்கிறாள், உப்பு விஷயம் சட்டென்று புரிந்துகொண்டாள். ஒன்றுதான் கேட்டாள். “அந்தக்கா அப்ப பயந்துகினாங்க, சரி. இப்ப இன்னாக்கா?”

உனக்காகப் பதில் சொல்லப் பார்த்தேன். வேலை, முதல்வர், நிரந்தரம் என்று எதையெதையோ சொன்னேன். நான் சொல்வது எனக்கே கேட்கப் பொறுக்கவில்லை, பாதியில் நிறுத்திவிட்டேன். உன் மேல் கோபம் என்றால் எழுதித் தீர்த்திருப்பேன். எனக்கு ஒரு தோழி இருந்தாள், நீ எழுதிய பிறகு அவளை நிறைய நினைத்துக்கொண்டேன், அதுதான் வலிக்கிறது.

என் நோட்டை அனுப்பிவிடு. அது டிராயரில் கிடக்க வேண்டாம்.

நீ கேட்ட தாள் இதோடு இருக்கிறது. ஆபீஸ் மாடியில் ஜெராக்ஸ் மெஷின் இருக்கிறது, மெஷின் பக்கம் வரைக்கும் போனேன். நகல் எடுக்கவில்லை. நீ நிம்மதியாக இரு. என் கை சரிதான் என்று எனக்குத் தெரிந்தால் போதும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். போதவில்லை, ப்ரியா.

இனி எழுதாதே.

மாரிசெல்வி