ஓடைப் பாலம் பற்றிய பேச்சு

ஐப்பசி 9, வியாழன். ராசிபுரம். தூறல்.
இல்லை, பொய் சொல்லவேண்டும் என்று உட்காரவில்லை.

மலையடிவார ஊரிலிருந்து மாரப்பன் வந்தார், கூட இரண்டு பேர். அப்பா மெம்பராக இருந்தபோது அவர்கள் ஊர் ஓடைக்குப் பாலம் கேட்டுச் சட்டசபையில் முழங்கியதாக அப்பாவே ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார்.

"பேசுனது புஸ்தகத்துல அச்சாயிருக்குமாமுங்க. படிச்ச அம்மிணி ஒருக்காப் படிச்சுக் காட்டோணும்."

அப்பா வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டேயிருந்தார்.

சபை நடவடிக்கைப் புத்தகங்கள். பாதிக்கு, ஒட்டி மடிந்த பக்கங்கள்கூட வெட்டிப் பிரிக்கப்படவில்லை. கடைசியிலுள்ள பெயர் அட்டவணையில் அப்பா பெயருக்கு எதிரே ஒரே பக்க எண். தம் இருக்கைக்கு மேலுள்ள விசிறி சத்தம் போடுகிறது என்றிருக்கிறார். பதவிக்காலம் முழுக்க அவ்வளவுதான்.

விசிறிப் பக்கத்தை விரித்துவைத்து, அதில் இல்லாத பாலத்தைப் படித்தேன். முதலில் இங்கிலீஷ், பிறகு தமிழ். மாரப்பனின் மகளைப் பிரசவ வலியோடு கட்டிலில் தூக்கிவந்து, வெள்ளம் வடியக் காத்திருந்து, கரையிலேயே இழந்த கதை. அதையும் சேர்த்தேன். 'அந்தக் கட்டிலுக்கு யார் பதில் சொல்வது?'

மாரப்பன் பக்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வெட்கம் அப்பாவை நினைத்து அல்ல. படிக்கையில் என் குரல் எனக்குப் பிடித்திருந்தது.

ஐப்பசி 10, வெள்ளி.
தலைவலி. தறிக்காரரிடம் புடவை கேட்கவேண்டும். நெய் வியாபாரி வந்திருந்தார். காப்பி கொண்டுபோனேன். அப்பா கையை உயர்த்தியபடி: "அந்தக் கட்டிலுக்கு ஆரு பதில் சொல்றதுன்னேன். சபையே கம்முனு ஆயிருச்சு."

"அப்பறம் பாலம் ஏனுங்க வரல?" என்றார் வியாபாரி.

"அதை வெள்ளைக்காரனக் கேளுங்க."

சிரிப்பு. அப்பா நடிக்கவில்லை. நம்புகிறார். சபையை மூடிப் பதவி போன பிறகும் வாசல் பலகையில் இன்னும் எம்.எல்.ஏ.

ஐப்பசி 13, திங்கள். பெருமழை.
மாரப்பன் தனியாக. உள்ளே வரவில்லை.

"நாளன்னிக்கு ஜில்லா போர்டுக்கு மனுக் குடுக்கறமுங்க. பண்ணாடி, உங்கப்பாரு, பேசுனதையும் எழுதோணும்ங்கறாங்க. நாந்தான் வேண்டாம்னேன்."

ஏன் என்றேன்.

"எம்புள்ள போனது சபை மூடுன பொறகுங்க அம்மிணி. பண்ணாடி எப்புடிப் பேசீருப்பாரு? போர்டுல கேட்டா நாங்கதானுங்க பொய்யராவோம்."

குடையை நீட்டினேன், அவர் வாங்கவில்லை.

"ஆனா, அவளப் பத்தி ஒரு புஸ்தகத்துல இருக்குதுன்னு கொஞ்ச நேரம் நெனச்சேனுங்க."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

அப்பாவிடம் சொன்னேன். "பாலம் வந்தாப் போதாதா கண்ணு? ஆரு பேசுனா என்ன?" எழுந்து உள்ளே போய்விட்டார். சாப்பிட வரவில்லை.

ஐப்பசி 14, செவ்வாய். வெயில்.
முதல் பஸ்ஸில் நாமகிரிப்பேட்டை. அங்கிருந்து நடை. ஓடையில் முழங்கால் தண்ணீர், செருப்பு கையில், புத்தகம் தலையில்.

புத்தகத்தில் உள்ளதை ஊரார் முன்னால் படித்தேன். விசிறி. பின்னாலிருந்து ஒரு கிழவி: "இதுக்கா மெட்ராசு வரைக்கும் ரயிலேறிப் போனாரு?" சிலர் சிரித்தார்கள். மாரப்பன் சிரிக்கவில்லை. அன்று படித்தது என் கற்பனை என்றேன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

மனுவை நான் எழுதட்டுமா என்று கேட்டேன். ஒருவர் உட்காரப் பலகை கொண்டுவந்து போட்டார்.

மாரப்பனிடம் மகளின் பெயரைக் கேட்டேன். பாவாயி. முதல் வரியில் எழுதினேன்.